சின்னம்மாவும் தாடிக்கார அறிஞர்களும்

சின்னம்மா ஆசிரிய கலாசாலையிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது அவருடைய பெட்டியில் நாலு சேலைகளும் ஒரு தடித்த புத்தகமும் இருந்தன. என்னை இழுத்தது புத்தகம்தான். கல்வி உளவியல் என்று அதன் முகப்பில் எழுதியிருந்தது. உளவு பார்ப்பதைப் பற்றிய புத்தகமாக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துத் திறந்தேன். ஒற்றர்களும் இல்லை, துப்பாக்கிகளும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் வயதான மனிதர்களின் படங்கள் இருந்தன. அநேகம் பேருக்குத் தாடி.

எனக்கு அப்போது பத்து வயது. திருகோணமலையில், உட்துறைமுகத்துக்குக் கிட்ட எங்கள் வீடு. அம்மாவின் தங்கைதான் சின்னம்மா. நான் அவருடைய புத்தகத்தைத் தொட்டதற்கு ஏச்சு விழும் என்று பயந்தேன். அவரோ பக்கத்தில் வந்திருந்து, கலியாண அல்பம் காட்டுவதுபோல ஒவ்வொருவராக அறிமுகம் செய்யத் தொடங்கினார்.

"இவர் ரஷ்யாக்காரர். நாய்க்குச் சாப்பாடு வைக்கிற நேரமெல்லாம் மணி அடிச்சுப் பழக்கினவர். பிறகு வெறும் மணிச் சத்தத்துக்கே நாய்க்கு வாய் ஊறினது."

"எங்கட நாயும் கோப்பைச் சத்தம் கேட்டால் ஓடி வருந்தானே, சின்னம்மா?"

"ஓம். ஆனா நாங்கள் ஆரும் அதை நிண்டு யோசிக்கேல்லை. இவர் யோசிச்சவர்."

யோசித்ததற்கே ஒருவருடைய படத்தைப் புத்தகத்தில் போடுவார்கள் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. அடுத்த படத்தில் வியன்னா நகரத்து வைத்தியர் ஒருவர் இருந்தார். கனவைக் கேட்டே மனதின் வருத்தத்தைக் கண்டுபிடிப்பாராம். பெரிய சூரை மீன் ஒன்று எங்கள் வகுப்பில் முன் வாங்கில் வந்து இருந்ததாக நான் முதல்நாள் கண்ட கனவைச் சொல்லி, அதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். சின்னம்மா பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

அடுத்தவர் அமெரிக்கர், தாடி இல்லாதவர். குழந்தை ஒன்று வெள்ளை எலியைத் தொடப்போகும் போதெல்லாம் பின்னால் நின்று இரும்பில் சுத்தியலால் அடித்தாராம். கடைசியில் எலியைக் கண்டாலே குழந்தை அலறியதாம். எனக்குக் கோபம் வந்தது.

"அந்தப் பிள்ளையின்ர அம்மா எங்க போனவ?"

"அது இதில எழுதேல்லை," என்றார் சின்னம்மா.

பிறகு ஒரு பெண் வந்து, முயலுக்குப் பயந்த வேறொரு பிள்ளைக்கு இனிப்புக் கொடுத்தபடி முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்து பயத்தைத் தீர்த்தாராம். அவருக்கு மட்டும் படம் இல்லை. இன்னொருவர் சுவிட்சர்லாந்துக்காரர். தன் பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து அவர்கள் செய்வதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியவர்.

இந்த அறிஞர்களையெல்லாம் சின்னம்மா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் இருந்தது. விடுமுறை முடிந்து போகும்போது, ஏதாவதொரு பிள்ளையை அவதானித்துக் கட்டுரை எழுதிக் கொண்டுபோக வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கென்றே பிறந்தவன்போல நாலு வயதுத் தம்பி இருந்தான். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் போதும், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய் அழுவான். கோயிலில் நூல் கட்டியும் பார்த்தாயிற்று. துறைமுகத்துப் பக்கத்தில் பிறந்துவிட்டுக் கப்பலுக்குப் பயந்தால் எப்படிப் பிழைப்பது என்று அப்பா கவலைப்பட்டார். அப்பா பார்ஜ் எனும் தட்டைப் படகுகளில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை செய்தவர்.

சின்னம்மா முயல்காரப் பெண்மணியின் வழியைப் பிடித்தார். கப்பல் ஊதியதும் தம்பியின் வாயில் ஒரு துண்டு பால்டொபி வைக்க வேண்டும். ஊதும் சத்தமும் இனிப்பும் மனதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பயம் கழன்றுவிடும். எனக்கு ஒரு கொப்பியும் பென்சிலும் கிடைத்தன.

"கப்பல் ஊதேக்க ஆர் ஆர் என்ன செய்யினம் எண்டு எழுது. கண்டதை மட்டும் எழுது. நினைக்கிறதை எழுதாத."

பத்து நாள் எழுதினேன். தம்பி பால்டொபியை மறுக்கவில்லை. அதை வாயில் அடக்கிக்கொண்டே அழுதான். எனக்கோ கப்பல் ஊதிய உடனேயே வாய் ஊறத் தொடங்கியது. ரஷ்யாக்காரர் சொன்னது சரிதான், ஆள்தான் மாறிப்போய்விட்டது.

பதினோராம் நாள் சின்னம்மா கொப்பியை வாங்கிப் படித்தார். நான் எழுதியிருந்தவை ஏறக்குறைய இப்படி:

சனி. கப்பல் ஊதினது. அம்மா அரிசி களைந்தா. கை நின்றது. தம்பி அம்மாவைப் பார்த்தான். அழுதான்.

ஞாயிறு. கப்பல் ஊதினது. அப்பா பேப்பரை வைத்துவிட்டு வேலியடிக்குப் போய்ப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தா. தம்பி அம்மாவைப் பார்த்தான். அழுதான்.

செவ்வாய். அம்மா கடைக்குப் போய்விட்டா. கப்பல் ஊதினது. தம்பி வண்டு பிடித்துக்கொண்டிருந்தான். அழவில்லை.

சின்னம்மா செவ்வாய்க்கிழமையில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். "இது உண்மையோ?"

"ஓம். கண்டதைத்தான் எழுதினனான்."

பொய் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறாரோ என எனக்குக் கண்ணீர் வரப் பார்த்தது. சின்னம்மா புத்தகத்தை மூடிவிட்டுக் குசினிக்குப் போனார். கொப்பி அவர் கையில் இருந்ததால் நானும் பின்னால் போனேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கப்பல் ஊதினா உங்களுக்கு என்ன செய்யுது?"

"எனக்கென்ன? இவன்தானே பயப்பிடுறான்."

"இவன் கப்பலுக்குப் பயப்பிடேல்லை. உங்கட முகத்தைப் பாத்துத்தான் பயப்பிடுறான்."

அம்மா இன்னும் இரண்டு துண்டு வெட்டினார். பிறகு நிமிராமலே சொன்னார்.

"அலுமாரியில, இவன்ர அப்பாட சேட்டுகளுக்குக் கீழ ஒரு கடிதம் கிடக்கு. வெளிநாட்டுக் கப்பலுக்கு ஆள் எடுக்கினமாம். எழுதிப் போட்டிருக்கிறார். வரச்சொல்லி மறுமொழியும் வந்திட்டுது. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"அத்தானிட்டைக் கேளுங்கோவன்."

"கேட்டா, ஓம் எண்டு சொல்லிப்போடுவார்."

எனக்கு இது விளங்கவில்லை. எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் ஓம் என்று பதில் வருவதே அபூர்வம். வரும் என்று தெரிந்துகொண்டும் அம்மா ஏன் கேட்காமல் இருக்கிறார் என்று யோசித்தபடி, நிலத்தில் விழுந்த செதில்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா அடுத்த நாள் பின்னேரம் கேட்டார். அப்பா வேலையால் வந்து, முகம் கழுவி, கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா அவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"போறதெண்டால் போங்கோ. ஆனா சொல்லாமல் கொள்ளாமல் வேலியடியில போய் நிக்காதேங்கோ. எனக்கு ஏலாது."

அப்பாவின் கை கோப்பையோடு அப்படியே நின்றது. "நீ விடமாட்டாய் எண்டு நினைச்சன்."

"கேட்டனீங்களோ?"

அப்பா எழுந்து அறைக்குள் போனார். கடிதத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை ஏற்கெனவே எத்தனை தரம் படித்திருப்பாரோ தெரியாது. முதல்தரம் படிப்பவர்போல முழுவதையும் ஆறுதலாகப் படித்தார்.

"எவ்வளவு காலம்?"

"ஒன்றரை வருஷம்."

அதற்குப் பிறகு வீட்டில் சத்தம் கூடியது. இருவரும் இரைந்து சண்டை பிடித்தார்கள். வீட்டுக் கூரை, என் படிப்பு, குளிர் தேசத்துக்குக் கம்பளிச் சட்டை என்று மணிக்கணக்காகக் கதைத்தார்கள். சண்டைக்குத் தம்பி பயப்படவில்லை, நடுவில் போயிருந்து விளையாடினான். அடுத்த கிழமை கப்பல் ஊதியபோது அம்மா ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். தம்பி அழவில்லை. பால்டொபிக்காகக் கையை மட்டும் நீட்டினான்.

சின்னம்மா கட்டுரையில் பால்டொபியைப் பற்றித்தான் எழுதினார். அதற்கு நல்ல புள்ளியும் கிடைத்ததாம். என் கொப்பியை அவர் கலாசாலைக்குக் காட்டவில்லை. எனக்கு அதில் பெரிய மனத்தாங்கல். என் படம் ஒரு புத்தகத்தில் வரக்கூடிய வாய்ப்பு அதோடு போய்விட்டதென்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து, தேயிலை ஏற்ற வந்த ஒரு கப்பலிலேயே அப்பா போனார். காலையில் எங்கள் இருவரையும் கொஞ்சிவிட்டுப் பெட்டியோடு நடந்தார். அம்மா வேலிப் படலை வரைக்கும்தான் போனார். பத்து மணிபோலக் கப்பல் நீளமாக ஊதியது. "அப்பாட கப்பல்!" என்று கத்திக்கொண்டு தம்பி வேலிக்கு ஓடினான். நானும் ஓடினேன். திரும்பிப் பார்த்தால், அம்மா குசினி வாசலில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஒரு கணமும் நிறுத்தவில்லை. எழுந்துகூட வரவில்லை.

எனக்கு அம்மாவில் வந்த கோபம் அப்பா திரும்பி வரும் வரையில் தீரவில்லை. அன்று பின்னேரமே சின்னம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். அப்பா போனதில் அம்மாவுக்குக் கொஞ்சமும் கவலை இல்லை என்றும், கப்பல் ஊதும்போது தேங்காய் துருவிக்கொண்டிருந்தார் என்றும், நான் என் கண்ணாலேயே கண்டேன் என்றும் எழுதினேன். சின்னம்மாவின் மறுமொழியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அம்மாவுக்கு வீட்டுவேலையில் உதவி செய் என்று மட்டும் இருந்தது.

அப்பா போன அன்று மத்தியானம் கறியில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது. மூன்று பேரும் தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் சாப்பிட்டு முடித்தோம். அதையும் கடிதத்தில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.