ஐவி பாஸ்கோ ஓட்டிய பஸ்

ஆர்டன்வேலில் முதலில் வந்தவை வீடுகள்தான். கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் பின்னால் வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில், அடிலெய்டுக்கு வடக்கே கோதுமை விளைந்துகொண்டிருந்த நிலத்தை அளந்து, ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீடுகளைத் தெருத்தெருவாகக் கட்டினார்கள். கார் தொழிற்சாலைக்கு ஆள் வேண்டுமென்று இங்கிலாந்திலிருந்து குடும்பம் குடும்பமாகக் கப்பலில் கூட்டி வந்தார்கள். ஐவியும் அவள் கணவன் லென் பாஸ்கோவும் இரண்டு பெண் குழந்தைகளோடு வந்து இறங்கியது ஐம்பத்தெட்டாம் வருடம், ஜூலை மாதக் குளிரில். மழை விட்டிருந்தது. சிவப்புச் சேறு கணுக்கால் வரை ஏறியது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் இல்லை.

"தெரு இருக்கு. ஊர் எங்க?" என்று ஐவி கேட்டாள். லென் பெட்டிகளை உள்ளே கொண்டுபோனான்.

காலையில் ஆண்கள் எல்லோரும் தொழிற்சாலைக்குப் போய்விடுவார்கள். அதன் பிறகு அந்தத் தெருக்களில் பெண்களும் கைக்குழந்தைகளும் மட்டும்தான். இறைச்சி வாங்க வேண்டுமானால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய கடைத்தெருவுக்குப் போக வேண்டும். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் வருவதற்குள் பாதிப் பகல் கழிந்துவிடும். குளிர்காலத்தில் சக்கரம் சேற்றில் புதையும். கோடையில் வடக்கிலிருந்து வீசும் அனல்காற்றில் புழுதி வாயெல்லாம் நிறையும்.

பக்கத்து வீட்டில் கொன்செட்டா இருந்தாள். இத்தாலியிலிருந்து வந்தவள். அவள் புருஷனுக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை. இரண்டாவது கோடையில் ஒரு நண்பகல், பிரசவத்துக்கு நாள் இருக்கும்போதே அவளுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. தெருமுனையிலிருந்த பொதுத் தொலைபேசி வேலை செய்யவில்லை. ஐவி தெருவின் நடுவில் நின்று, ரொட்டி கொண்டுவரும் வேனை மறித்தாள். ரொட்டித் தட்டுகளை ஒதுக்கிவிட்டுக் கொன்செட்டாவைப் படுக்க வைத்தார்கள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி வரை குழந்தை பொறுக்கவில்லை. அறுப்பு முடிந்த வயலோரம் வேனை நிறுத்தச் சொல்லி, ஐவியே கையில் ஏந்தினாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வீடு திரும்பிய கொன்செட்டா, தலையணையில் சாய்ந்தபடி ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ரொட்டிக்கு வண்டி வருது, ஐவி. நமக்கு வரல."

அந்தப் பேச்சு ஐவியின் மனத்தில் தைத்துவிட்டது. மறுவாரம் அவள் ஹேமிஷ் மர்டாக்கின் கொட்டகைக்குப் போனாள். தொழிற்சாலை ஆட்களைக் காலையும் மாலையும் ஏற்றி இறக்க அவரிடம் மூன்று பழைய பஸ்கள் இருந்தன. பகல் முழுக்க அவை கொட்டகையில் சும்மாதான் நிற்கும்.

"பகல்ல ஒரு பஸ் விடுங்க, மிஸ்டர் மர்டாக்."

"விடலாம்மா. ஓட்ட ஆள் வேணுமே? ஸ்டியரிங் பிடிக்கத் தெரிஞ்சவன் எல்லாம் ஃபாக்டரிக்குள்ள போயிட்டான்."

"நான் ஓட்டறேன்."

மர்டாக் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே வேடிக்கைக்காகச் சாவியையும் நீட்டினார். யுத்த காலத்தில் ராணுவ லாரி ஓட்டியவள் ஐவி என்பது அவருக்குத் தெரியாது. அவள் ஏறி உட்கார்ந்து, இரண்டு தூண்களுக்கு நடுவே பஸ்ஸைப் பின்னோக்கி எடுத்து, முற்றத்தில் ஒரு வட்டம் அடித்துப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். அவர் சிரிப்பு நின்றுபோயிருந்தது. லைசென்ஸுக்கு எப்போது போகலாம் என்று மட்டும் கேட்டார்.

வீட்டில்தான் சிக்கல். லென் நாள் முழுவதும் கார் கதவுகளைப் பொருத்துகிறவன்; ஆனால் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் துணிச்சல் வரவில்லை. சாப்பாட்டு மேசையில் ஐவி விஷயத்தைச் சொன்னதும் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பஸ்ல ஏறிட்டுச் சிரிக்கட்டும்."

"ஏறுறவங்க ஏறட்டும். நீ ஓட்டற பஸ்ல என் கால் படாது."

சொன்னபடியே இருந்தான். தொழிற்சாலையில் அவனை வறுத்தெடுத்தார்கள். கார் செய்கிறவனுக்கு ஓட்டத் தெரியாது, பொண்டாட்டி பஸ்ஸே ஓட்டுகிறாள் என்று சாப்பாட்டு நேரத்தில் ஒருவன் ஆரம்பித்தால் மணி அடிக்கும்வரை ஓயாது. லென் கெட்டவன் இல்லை. அவள் வரத் தாமதமானால் உருளைக்கிழங்கை அவனே வேகவைப்பான், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவான். ஆனால் மழையோ வெயிலோ, சைக்கிளில்தான் போவான். ஐவி அவனைச் சாலையில் கடந்துபோகும்போது மெதுவாக ஓட்டுவாள். அவன் திரும்பிப் பார்க்கமாட்டான். வருடங்கள் போகப்போக அது அந்த வீட்டின் வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பஸ்ஸில் பேச்சுக்குக் குறைவே இல்லை. யாருக்குக் குழந்தை, யார் வீட்டில் சண்டை, யார் சொந்த ஊருக்கே திரும்பிப் போகக் கப்பல் டிக்கெட் விசாரிக்கிறார்கள் என்பதெல்லாம் கடைத்தெரு போய்ச் சேர்வதற்குள் அலசி முடிந்துவிடும். கை நிறையப் பையோடு நிற்பவளை வாசலிலேயே இறக்கிவிடுவாள் ஐவி. அதனால் அவள் பஸ் போகும் பாதை கோணல்மாணலாக இருந்தது. மர்டாக் பலமுறை முணுமுணுத்தார். பஸ் எப்போதும் நிரம்பியே வந்ததால் அதற்கு மேல் போகவில்லை.

அதற்குள் கடைகள் வந்தன. ஆஸ்பத்திரி வந்தது. நீச்சல் குளமும் கால்பந்து மைதானமும் வந்தன. பிறகு ஒருநாள், ஆர்டன்வேல் இனி நகரம் என்று அறிவிக்க மேயர் வந்தார். பேண்டு வாத்தியம், கொடி, நீளமான உரை. சாலையை அடைத்துவிட்டதால் ஐவியின் பஸ் வெயிலில் நின்றது. என்ன நடக்கிறது என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"நம்மள நகரமாக்கறாங்களாம்," என்றாள் ஐவி. "வழிய மறிச்சுட்டு."

எழுபதுகளின் நடுவில் தொழிற்சாலை ஆட்களைக் குறைக்கத் தொடங்கியது. முதல் வரிசையிலேயே லென் பெயர் வந்தது. ஐம்பதைத் தாண்டியவனுக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும்? முதலில் தோட்டத்தைக் கொத்தினான். பிறகு அதையும் விட்டான். பகலிலும் திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். தெருவில் தெரிந்தவர்கள் வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவான். ஐவி தன் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வாய் தவறிக்கூட வந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து பேசினாள்.

பிப்ரவரி மாதம். தார் உருகும் வெயில். தன் தெருவின் முனையில் திரும்பியபோது நிறுத்தத்தில் ஒரு ஆள் தொப்பியோடு நிற்பது தெரிந்தது. லென். ஐவி பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தாள். அவன் ஏறவில்லை, நின்றுகொண்டே இருந்தான். முன் இருக்கையில் இருந்த கொன்செட்டா வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏறுறியா, இல்ல பஸ்ஸோட கூடவே நடந்து வரியா?" என்றாள் ஐவி.

ஏறினான். சில்லறையை நீட்டினான். அவளும் வாங்கிக்கொண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள். எங்கே போக வேண்டும் என்று கேட்கவில்லை. எங்கேயும் இறங்காமல் சுற்று முழுவதும் உட்கார்ந்திருந்தான். பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகு, கொட்டகை வாசலில்தான் வாய் திறந்தான்.

"ஸ்டாப்புல நிக்கறவங்க வெந்து போறாங்க, ஐவி. ஒரு நிழல் இல்ல."

அவ்வளவுதான். பஸ்ஸைப் பற்றியோ தன் சபதத்தைப் பற்றியோ அவன் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் நாற்றங்காலிலிருந்து மிளகு போலக் காய்க்கும் பெப்பர் மரக் கன்றுகளும், சிவப்பாகப் பூக்கும் யூகலிப்டஸ் கன்றுகளும் வாங்கிவந்து, நிறுத்தத்துக்கு ஒன்றாக நட ஆரம்பித்தான். தண்ணீர்க் குடங்கள் பஸ்ஸில் வந்தன. பெண்கள் அவற்றை மடியில் பிடித்துக்கொண்டார்கள். வேர் குழாய்களை உடைத்துவிடும் என்று நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து சொன்னார். லென் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அவர் போனதும் அடுத்த குழியைத் தோண்டினான். மரம் வெட்ட வந்தால் முதலில் தன் பஸ்ஸைத் தாண்டித்தான் வர வேண்டும் என்று ஐவி சொல்லியனுப்பினாள். யாரும் வரவில்லை. கன்றுகளில் பாதி காய்ந்துபோயின. மீதி பிழைத்துத் தலைக்கு மேல் வளர்ந்தன.

லென் பல வருடங்கள் கழித்து, ஒரு இலையுதிர்காலத்தில் தூக்கத்திலேயே போனான். ஐவி ஓய்வு பெற்றிருந்தாள். தெருவின் மற்ற வீடுகளில் வியட்நாம், கம்போடியா குடும்பங்கள் குடியேறியிருந்தன. பிரிஸ்பேனுக்கே வந்துவிடச் சொல்லி மகள்கள் அழைத்தபடியே இருந்தார்கள். அவள் போகவில்லை.

பிறகு பெரிய சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று மரங்களுக்குக் குறி போட்டார்கள். ஐவி நகராட்சிக் கூட்டத்துக்குப் போய்ப் பேசினாள். பொறுமையாகக் கேட்டார்கள். உள்தெருக்களில் இருந்தவை தப்பின. பெரிய சாலையில் இருந்தவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. வெட்டும் நாளில் அவள் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். வெட்டியவனுக்குக் கை ஓடவில்லை. ஞாபகத்துக்கு ஒரு துண்டு தரட்டுமா என்று கேட்டான்.

"துண்டு எதுக்குப்பா? ஒரு வண்டி கட்டை கொண்டாந்து கொல்லையில போடு. குளிர்காலம் வருது."

கொண்டுவந்து போட்டான். ஜூன் மாதம் ஒரு மாலை, கொன்செட்டா வந்திருந்தபோது ஐவி அந்தக் கட்டைகளைக் கணப்பில் அடுக்கினாள். எத்தனை தாள் திணித்தும் புகைதான் வந்தது. கொன்செட்டா இருமினாள்.

"லென் வெச்ச மரமில்ல?" என்றாள் ஐவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மெதுவாத்தான் பத்தும்."

இருவரும் நாற்காலிகளை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.