கல்லறைத் தோட்டத்தில் என் கணவரின் கால்

ஆண்டவர் எங்கள் குடும்பத்துக்குச் செய்ததைச் சபையாரிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. என் பெயர் எஸ்தர். நானும் என் கணவர் தேவராஜும் மரக்காணத்தில் உப்பளக் கூலிகள். 2005-ம் வருடம் பங்குனியில், உப்புப் பாத்தியைக் கெட்டியாக்க மிதிக்கும்போது கிளிஞ்சல் குத்தி அவர் காலில் புண் வந்தது. உப்புத் தண்ணீரில் நின்றால் புண் தானாக ஆறிவிடும் என்பது எங்கள் அளத்துப் பேச்சு. சர்க்கரை வியாதி இருப்பது தெரியாமல் அவர் நின்றுகொண்டே இருந்தார். கால் கறுத்துவிட்டது.

கணுக்காலுக்கு மேல் காலை வெட்டி எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் "மாட்டேன்" என்றதோடு சரி. காரணம் சொல்லவில்லை. டாக்டர்கள் சத்தம் போட்டார்கள். நான் மட்டும் விட்டேனா? "கல்லுளிமங்கன் மாதிரி படுத்திருக்கீங்களே, பொண்ணுங்களை நெனச்சுப் பாத்தீங்களா?" என்று நானும் திட்டினேன். பிறகு வராந்தாவில் முழங்கால் போட்டு, அவர் மனதை மாற்றும்படி ஆண்டவரிடம் அழுதேன். மூன்று நாள் போனது. காய்ச்சல்தான் ஏறியது.

நாலாம் நாள் ஒரு டாக்டரம்மா வந்தார். வைத்தியம் பார்ப்பவருக்கும் நோயாளிக்கும் ஒத்துப்போகாதபோது, இருவரிடமும் பேசி எது நியாயம் என்று பார்ப்பது அவர் வேலையாம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்களைச் சம்மதிக்க வைக்க நான் வரலைங்க. வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்குது. எதுக்குப் பயப்படறீங்கன்னு மட்டும் சொல்றீங்களா?"

என் கணவர் தன் கறுத்த காலையே பார்த்தார். அந்த அம்மாவும் அவசரப்படவில்லை.

"எடுத்த காலை என்ன பண்ணுவீங்க மேடம்?" என்றார் இவர்.

"எரிச்சிடுவாங்க."

"நாங்க பொதைக்கிறவங்க. ஆண்டவர் எழுப்புற நாள்ல என் காலு மட்டும் சாம்பலாப் போயிருந்தா, நான் எப்படி எழுந்து நிப்பேன்?"

அவரோடு இருபது வருடம் வாழ்ந்தவள் நான், ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்த அம்மா சிரிக்கவில்லை. புத்தியும் சொல்லவில்லை. கண் கலங்க, "உங்க கிட்டயே குடுத்துட்டா?" என்றார். அந்த அம்மாவே அலைந்து அதற்கு அனுமதி வாங்கினார். அன்று சாயங்காலமே இவர் ஆபரேஷன் சம்மதத் தாளில் கைநாட்டு வைத்தார்.

பாஸ்டர் ஜெபம் பண்ண, எங்கள் கல்லறைத் தோட்டத்தில் காலைப் புதைத்தோம். இப்போது இவர் செயற்கைக் கால் போட்டு அளத்தில் காவல் பார்க்கிறார். "ஒரு காலை முன்னாடியே அனுப்பி எடம் புடிச்சிட்டேன்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறார்.

அவர் மனதை மாற்றச் சொல்லித்தான் ஜெபித்தேன். ஆண்டவர் என் காதையும் சேர்த்துத் திறந்தார். அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது "மாட்டேன்" என்று படுத்திருந்தால் மனம் தளராதீர்கள். ஜெபம் பண்ணுங்கள். பிறகு எழுந்து போய், என்ன பயம் என்று அவரிடமே கேளுங்கள். அதைக் கேட்க எங்களுக்கு ஒரு டாக்டரம்மா வரவேண்டியிருந்தது. நீங்கள் அதுவரை காத்திருக்காதீர்கள்.