பட்டியலில் இரண்டாவது ஆள்

கொழும்புக் காலி வீதியில் நாங்கள் வழக்கமாக ஃபோன் பேசப் போகும் கொமியூனிகேஷன் கடைக்காரர் இரண்டு ஃபக்ஸ் தாள்களை நீட்டி, "ரெண்டும் உங்கட வீட்டுக்குத்தான்" என்றார். ஒன்று என் மனைவிக்கு, மற்றது எனக்கு. அவளுடையது முழுப் பக்கம். என்னுடையதில் நாலே வரி. தேர்வில் நீங்கள் இரண்டாவதாக வந்திருக்கிறீர்கள், முதலாமவர் வர மறுத்தால் உங்களைக் கூப்பிடுவோம் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். அந்த முதலாமவர் என் மனைவி. நாங்கள் புருஷன் பெண்சாதி என்பது அவர்களுக்குத் தெரியாது. அவள் பட்டங்கள் எடுத்ததெல்லாம் தகப்பன் பெயரில்.

அந்த வேலையைப் போஸ்ட்டொக் என்பார்கள். கலாநிதிப் பட்டம் முடித்தவர்களை இரண்டு வருஷத்துக்குக் கூப்பிட்டு ஆராய்ச்சி செய்ய வைப்பது. இடம், வட துருவத்துக்குக் கிட்ட ஒரு குளிர் தேசம். கடலடியில் குழாய் இறக்கி எடுத்த சேற்றை வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் நிலத்தை மூடியிருந்த பனிப்படலம் எப்போது வளர்ந்தது, எப்போது உடைந்து கடலுக்குள் போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். சண்டை நடக்கிற காலத்தில், வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இப்படியொரு வேலைக்கு ஆசைப்பட இரண்டு பேர் இருந்தார்கள் என்பதே அதிசயம். அந்த இரண்டு பேரும் நாங்கள்தான், வாடகைக்கு எடுத்த ஒரே மாடி அனெக்ஸில் ஒரே மின்விசிறிக்குக் கீழே படுத்தோம்.

நாங்கள் சந்தித்ததே சேற்றில்தான். இந்தியாவில் ஒரே பேராசிரியரிடம், ஒரே கப்பல் கொண்டுவந்த சேற்றில் ஆராய்ச்சி செய்தோம். இந்து சமுத்திரத்தின் தெற்குக் கோடியிலிருந்து எடுத்த சேறு. அவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன், அதனால் சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளுக்குக் கடையில் விலை கேட்க மட்டும் தெரியும், பதில் விளங்காது. கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்து, இருவரும் தற்காலிக விரிவுரையாளர்களாக ஓடித் திரிந்தோம்.

எனக்குப் பொறாமை வந்தது. ஆதங்கம், ஏமாற்றம் என்று வேறு சொல் போட்டு மெழுக விரும்பவில்லை. அவள் புறக்கோட்டை நடைபாதையில் ஒரு பழைய குளிர்க் கோட்டு வாங்கி வந்து, வியர்க்க வியர்க்கப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். "இஞ்சாருங்கோ, கை நீளம் கூடப்போல, என்ன?" என்று கேட்டாள். எனக்கு அளவாக இருக்கும் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தும்மினால் எனக்குள் ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது. ஒரு முறை காய்ச்சல் வந்து படுத்தாள். கொத்தமல்லித் தண்ணி அவித்தபடியே, இந்தக் காய்ச்சல் இழுத்தடித்தால் பயணம் என்னவாகும் என்று யோசித்தேன். அவித்ததை ஆற்றி, ஊதிக் குடிக்கக் கொடுத்ததும் நான்தான். மூன்றாம் நாள் அவள் எழும்பி வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டாள்.

ஊர் வேறு என்னைக் கொன்றது. அந்த நாளில் வெள்ளவத்தையில் வெளிநாடு போவது என்றால் ஏஜென்சியால் போவது. எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் பெட்டி கட்டிக்கொண்டு ஏஜென்சிக்காரன் கூப்பிடும் வரை காத்திருந்தார்கள். ஒருத்தி சேறு பார்க்கப் போகிறாள் என்பதை எவரும் நம்பவில்லை. இது ஏதோ புது ரூட், பிடிபடாமல் இருக்கச் சொல்லிக்கொடுத்த கதை என்று முடிவு கட்டிவிட்டார்கள். கீழ்வீட்டு அன்ரி, எங்களுக்கு அனெக்ஸ் வாடகைக்குத் தந்தவர், ஒரு பின்னேரம் மாடிப்படி ஏறி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, உந்த மண் விசாவுக்கு ஆர் ஆள்? எங்கட மகனுக்கும் கேட்டுப் பாருங்கோவன். அவன் என்ன சொல்லிக் குடுத்தாலும் பாடமாக்குவான்."

"அன்ரி, அது படிச்சு வாற வேலை. கடல் மண்ணை ஆராயிறது."

"ஓம் ஓம், எனக்கு விளங்குது. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு இறங்கினார். அடுத்த கிழமை இன்னும் இரண்டு தாய்மார் அதே மண் விசாவைக் கேட்டு வந்தார்கள். எல்லோரும் என்னிடம்தான் வந்தார்கள். ஒழுங்கு செய்தவன் நான் என்று நினைத்தார்கள்.

படித்தவர்கள் கேட்டால் என்னிடம் வேறொரு பதில் தயாராக இருந்தது. "ரெண்டு பேரும் அப்ளிகேஷன் போட்டனாங்கள். அங்க இப்ப பொம்பிளையளுக்குத்தான் முன்னுரிமை" என்பேன். சிரித்துக்கொண்டு சொல்வேன், பெருந்தன்மையாகத் தெரியும். அவள் பக்கத்தில் நின்றால் நிலத்தைப் பார்ப்பாள். அந்தப் பதில் எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. யாரும் தோற்கவில்லை, சட்டம்தான் அப்படி.

விசா வந்து, பயணத்துக்கு நாள் குறித்த பிறகும் அவள் நுகேகொடைப் பக்கம் ஒரு ஆய்வுகூடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். தெற்குக் கடல் சேற்றில் மிச்சமிருந்த வேலையை முடித்து, உலர்த்தி, சின்னக் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து, போகிற தேசத்துக்குக் கொண்டுபோக வேண்டும். குப்பி என்பதுதான் அவற்றுக்குச் சரியான சொல், ஆனால் அந்த வருஷங்களில் அது இயக்கப் பிள்ளைகள் கழுத்தில் கட்டிய சயனைட்டின் பெயர், எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை.

ஒரு நாள் பின்னேரம் எங்கள் ஒழுங்கை முனையில் கடை வைத்திருப்பவர் மூச்சிரைக்க வந்தார். அவளோடு ஒரே பஸ்ஸில் வந்தவர். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பார்த்தார்களாம். அவளுடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பையைத் திறந்தால் வரிசை வரிசையாகச் சாம்பல் நிறத் தூள். கேட்டதற்கு அவள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லியிருக்கிறாள். நேரே பொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

போட்டிருந்த சாரத்தை மாற்றிக் காற்சட்டையை மாட்டிக்கொண்டு, கலியாண எழுத்துப் பத்திரம், கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவு, அவளுடைய ஃபக்ஸ் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். பயமாக இருந்தது. அப்படிப் போனவர்களில் பலர் அன்றே திரும்பவில்லை, சிலரை மாதக்கணக்கில் தேட வேண்டியிருந்தது. அந்தப் பயத்தின் நடுவிலேயே இன்னொரு நினைப்பும் வந்தது. இவளை ஒரு மாதம் வைத்திருந்தால் அந்த இடம் இரண்டாவது ஆளுக்கு வரும். வந்த நினைப்பைத் துரத்தினேன். அது ஆட்டோவில் என் பக்கத்தில் அமர்ந்து கடைசி வரை வந்தது.

பொலிஸில் அவள் ஒரு மரவாங்கில் நேராக நிமிர்ந்து இருந்தாள். என்னைக் கண்டதும், "அதுகளைத் திறக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ, கலந்துபோகும்" என்றாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேசையில் போத்தல்கள். ஏற்கெனவே ஒரு கொன்ஸ்டபிள் ஒன்றைத் திறந்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

விசாரித்தவர் நடுத்தர வயதுக்காரர். கத்தவில்லை. களைத்திருந்தார், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். கடலடிச் சேறு என்றேன். இதை ஏன் பெண்கள் பையில் கொண்டு திரிகிறார்கள் என்றார். பனிப்படலத்தைப் பற்றி அறிய என்றேன்.

"பனியா? இந்த நாட்டில ஐஸ் இருக்கிறது மீன் மார்க்கட்டில மட்டும்தான்" என்றார். கொன்ஸ்டபிள் சிரித்தான்.

நான் வகுப்பில் சொல்வதுபோல விளக்கினேன். ஆழ்கடலில் கரையிலிருந்து மணல் வந்து சேராது, மாவு போன்ற சேறுதான் மெல்ல மெல்லப் படியும். அந்த மாவுக்குள் ஒரு பருத்த மணல் இருந்தால், அதை யாரோ சுமந்து வந்து போட்டிருக்க வேண்டும். சுமந்து வந்தது பனிக்கட்டி. நிலத்தில் இருக்கும்போது மண்ணையும் கல்லையும் அடியில் பற்றிக்கொண்டு, உடைந்து கடலில் மிதந்து, உருகும்போது போட்டுவிட்டுப் போகிறது. அந்த மணலை எண்ணினால் எந்தக் காலத்தில் பனி உடைந்தது என்று தெரியும். அவர் ஒரு போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

"இதுவும் எங்கட வேலை மாதிரித்தான். ஆர் கொண்டுவந்து போட்டது எண்டு பார்க்கிறது" என்றார். தப்பினோம் என்று நினைத்தேன். அடுத்ததாகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நீயும் இதே வேலையா?"

"ஓம் சேர்."

"இதே படிப்பா?"

"ஓம் சேர். ரெண்டு பேரும் இந்த இடத்துக்குப் போட்டனாங்கள்."

"அப்ப ஏன் உன்னை எடுக்கேல்ல?"

என் வாயில் இருந்த பதில் தானாக வந்துவிழுந்தது. "அங்க பொம்பிளையளுக்கு முன்னுரிமை, சேர்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். முகம் இறுகிவிட்டது. ஃபக்ஸ் தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப வேலைக்காக இல்லை. பொம்பிளை எண்டதுக்காகத்தான் கூப்பிடுறாங்கள். புருஷனை விட்டிட்டுத் தனியா வரட்டுமாம். இந்தக் கடிதம் எந்தக் கடையில அடிச்சது?"

இவ்வளவு நாளும் என் மானத்தைக் காப்பாற்றிய பதில் என் மனைவியை உள்ளே தள்ளப் பார்க்கிறது. அவள் வாங்கில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு சொல்லும் விளங்காமல். இப்போது நான் பேசாமல் நின்றாலே போதும். பொய் சொல்லவும் தேவையில்லை. மிச்சத்தை அந்த மனிதர் பார்த்துக்கொள்வார். இரண்டாவது ஆளுக்கு ஒரு ஃபக்ஸ் வரும்.

"அது காரணமில்லை, சேர்" என்றேன். "அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அதுதான் எடுத்தவை."

"எப்படி?"

எப்படி என்றும் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. சொன்னேன். இதே கடலின் சேற்றில் நான் ஒரு வருஷம் மணல் எண்ணினேன். பனி கொண்டுவந்தது என்று ஆயிரக்கணக்கில் கணக்கெழுதினேன். பேராசிரியரும் பார்த்துச் சரி என்றார். இவள் ஒரு நாள் என் நுண்நோக்கியில் கண்ணை வைத்துவிட்டு, இதில் பாதிக்கு மேல் பனி போட்டது இல்லை, எரிமலைச் சாம்பல் என்றாள். விளிம்பு வளைந்திருக்கிறது, கண்ணாடி மாதிரி இருக்கிறது, பாருங்கோ என்றாள். பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஒரு வருஷம் நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் கண்டுபிடித்தாள். ஒருவருக்கும் சொல்லவுமில்லை. என்னோடு இருந்து முழுவதையும் திரும்ப எண்ணித் தந்தாள்.

இதையெல்லாம் சொல்லும்போது எனக்கு மணியான சிங்களம் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகப்படுகிறவர் பார்வையாக அது இருக்கவில்லை. ஒரு பொய்க் கடிதத்தைக் காப்பாற்ற எந்த ஆண்பிள்ளையும் இப்படியொரு கதையைக் கட்டிச் சொல்லமாட்டான் என்று நினைத்தாரோ என்னவோ, எழும்பி உள்ளே போய்த் தனக்கு மேலான பெரியவரைக் கூட்டி வந்தார்.

"சேருக்கும் அதைச் சொல்லு" என்றார்.

"எதை, சேர்?"

"உன்னைவிடக் கெட்டிக்காரி எண்டதை."

மறுபடி சொன்னேன். ஒரு வருஷம் எண்ணியது, எரிமலைச் சாம்பல், எல்லாம். கொன்ஸ்டபிள் கூட வந்து நின்று கேட்டான். பெரியவர் என்னையும் பார்த்து, திரும்பி அவளையும் ஒரு தரம் பார்த்து, "பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. போத்தல்களைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். இனி இப்படிக் கொண்டு திரிவதென்றால் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் எடுத்து வைத்திரு என்று புத்தி சொல்லி அனுப்பினார்கள்.

வெளியே வந்து காலி வீதியால் நடந்தோம். பஸ்ஸில் ஏற இருவருக்கும் துணிவு வரவில்லை. அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன சொன்னனீங்கள்? எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தவை."

"மண்ணைப் பற்றிச் சொன்னன்."

"மண்ணைப் பற்றிச் சொன்னதுக்கு ஏன் உங்கட முகம் அப்பிடி இருந்தது?"

பிறகும் மழுப்பப் பார்த்தேன், அவள் விடவில்லை. "நீர் என்னைவிடக் கெட்டிக்காரி எண்டு சொன்னன். அந்தச் சாம்பல் கதையைச் சொன்னன்."

அவள் நடையைத் தளர்த்தினாள். மிக மெதுவாக, "என்னை வெளியில எடுக்கிறதுக்காகச் சொன்னனீங்கள்" என்றாள். கேள்வி மாதிரி இல்லை, நன்றி சொல்வது மாதிரி இருந்தது. ஓம் என்றால் அதோடு முடிந்துவிடும். அவளுக்கும் ஆறுதல், எனக்கும் மரியாதை.

சீருடை போட்ட இரண்டு அந்நியர்களுக்குச் சிங்களத்தில் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. இப்போது தமிழில், அவளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"இல்லை" என்றேன். "உண்மையிலேயே நீர்தான் கெட்டிக்காரி."

வயிறு எரிய எரியத்தான் சொன்னேன்.