வாசலில் நைனாவுக்கு ஒரு சோதனை

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். காக்ஸ் டவுனில் சொந்தமாக மரக்கடை வைத்தேன். தங்கவயல் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த என் நைனா ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டபின், யாரோ தன் ஜோப்பில் தங்கக் கல்லைப் போட்டுவிட்டார்கள், போலீஸ் வரும் என்று பயந்து, சாப்பிடக்கூட உள்ளே வராமல் வாசலிலேயே நிற்பார்.

அவரைக் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டருக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியது. சுரங்க கேட்டில் வேலை முடிந்து வருபவர்களைச் சோதிக்கும் வாட்ச்மேனைப் போல, "ஏய், கையத் தூக்கு" என்று அதட்டினேன். தூக்கினார். ஜோப்பு, வேட்டி மடிப்பு எல்லாம் தடவி, "ஒண்ணுமில்ல, போ" என்றேன். நேராகப் போய்ச் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து தினமும் சோதனைதான். ஒருநாள் அது முடிந்ததும் என்னைத் தடுத்தார்.

"உன்ன யாருடா பாத்தது? தூக்கு கைய."

என் ஜோப்பைத் தடவினார்.

"நீயும் சுத்தம். வாடா, சோறு ஆறுது."