செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்

கம்ப்யூட்டர் மேல் கோபம் வந்தால் எல்லாரும் முதலில் மானிட்டரைத்தான் அடிப்பார்கள். பல வருடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். படம் தெரிவதால் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் மகள் சின்னவளாக இருந்தபோதே சொல்லிக்கொடுத்தேன்: “மானிட்டர் வெறும் ஜன்னல். வீடு கீழ அந்தப் பெட்டிக்குள்ள இருக்குது.”

இப்போது அதைச் சொல்ல வாய் வருவதில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில், எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறேன். கரையில் வரும் அன்னம், யாளி, மயில் எல்லாவற்றையும் திரையில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பேன். அதன்படி அட்டையில் துளை போட்டுத் தறியில் மாட்டுவார்கள். படித்ததும் கம்ப்யூட்டர்தான். பழைய பெட்டிகளைப் பிரித்துப் பூட்டுவதில் எனக்குக் கொஞ்சம் பைத்தியமும் உண்டு. ஊரே தூக்கி எறிந்த பிக்சர் டியூப் மானிட்டர் ஒன்றை விடாமல் வைத்திருந்தேன். அரக்குச் சிவப்பு அதில்தான் சரியாகத் தெரியும் என்பது என் பிடிவாதம்.

அன்று வந்தவர் எங்கள் தெருவில் சொந்தத் தறி வைத்திருப்பவர். கோயில் மண்டபத் தூணில் இருக்கும் அன்னத்தைப் போனில் படம் பிடித்து வந்து, கரைக்கு வரைந்து தரச் சொல்லி வாங்கிப் போயிருந்தார். ஒரு மத்தியானம், மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். கையில் ஒரு கனத்த தறிக்கட்டை.

“இன்னாமா, என் அன்னத்த இன்னொருத்தனுக்கு வித்துட்டியா? அதே அன்னம் போட்ட புடவ கடை கண்ணாடிக்குள்ள தொங்கிக்கினு இருக்குது.”

“அண்ணே, அது தூண்ல இருக்கற அன்னம். பாதி ஊரு அதத்தான் போட்டோ எடுத்துக்கினு வருது. உங்களுது கழுத்தத் திருப்பிக்கினு இருக்கும். அவங்களுது நேரா பாக்கும். தூணுக்கு யாருண்ணே பட்டா போட முடியும்?”

“கழுத்துக் கதையெல்லாம் என்னாண்ட சொல்லாத.”

கட்டை மானிட்டரின் மேல் இறங்கியது. பிக்சர் டியூபுக்குள் காற்று கிடையாது. உடைந்தால் கண்ணாடியை முதலில் உள்ளே இழுத்து, பிறகு அறை முழுக்க எறியும். புத்தகத்தில் படித்திருக்கிறேன். படித்தது வேறு, அந்தச் சத்தம் வேறு. நான் குறுக்கே போனபோது மச்சான் என் பின்னலைப் பிடித்துச் சுவரோடு தள்ளினான். நெற்றி ஆணியில் இடித்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் கட்டையை மறுபடி ஓங்கிவிட்டார், இந்த முறை கீழே இருந்த பெட்டியை நோக்கி.

பெட்டியின் மேல் என் மகள் கவிழ்ந்து கிடந்தாள்.

கல்லூரி விடுமுறைக்கு வந்தவள். எப்போது உள்ளிருந்து ஓடிவந்தாளோ, தெரியவில்லை. கட்டை அவள் வலது முன்கையில் விழுந்தது. பச்சை முருங்கைக் கிளை முறிவதுபோல ஒரு சத்தம். பெட்டியை அவள் விடவில்லை.

தரையெல்லாம் ரத்தமாக இருந்தது. அவள் தலைமுடியை விலக்கி விலக்கித் தேடினேன். முதுகில், கழுத்தில், காதுக்குப் பின்னால் தேடினேன். எங்கேயும் காயம் இல்லை. ரத்தம் இன்னும் பரவிக்கொண்டே இருந்தது.

“மாமா, கால்,” என்றான் மச்சான்.

அவர் குனிந்து தன் பாதத்தை யாருடையதோ போலப் பார்த்தார். வெறுங்கால். ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தது முதல், மூலையில் விளக்கு எரியும் அறை அது. யாரும் செருப்போடு நுழைவதில்லை. அடிக்க வந்தவரும் பழக்கத்தில் வாசலில் கழற்றி, ஜோடியாக வைத்துவிட்டு வந்திருக்கிறார். என் மானிட்டர் கண்ணாடி அவர் உள்ளங்காலைக் கிழித்திருந்தது. மச்சான் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி போனார். அன்று அந்தக் கால் இன்னும் ஆழமாகக் கிழிந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். இன்றும் சில வேளை நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடும்போது கேட்டேன்.

“எல்லாத்துக்கும் பேக்கப் இருக்குன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்மா.”

“அப்புறம் ஏன் போய் விழுந்த?”

“அவன் பெட்டிய அடிக்க வந்தான். அவ்ளோதான் தெரியும்.”

ஒன்றும் தெரியாத பிள்ளையாக வளர்த்திருந்தால், உடைந்த மானிட்டரைப் பார்த்து எல்லாம் போய்விட்டது என்று அழுதுகொண்டு ஓரமாக நின்றிருப்பாள்.

போலீஸில் எழுதிக்கொடுத்தோம். வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் அந்தத் தறிக்காரரின் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

“செருப்ப எடுத்துக்கினு போறேன்கா. கால்ல தையலு, போட முடியாது. ஆனா இங்க இருக்கக் கூடாதுன்றாரு.”

“எடுத்துக்கோ.”

உள்ளே எட்டிப் பார்த்தாள். “பாப்பா கை எப்படி இருக்குது?”

நான் நிலைப்படியை மறித்து நின்றேன். செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

எலும்பு கூடுகிறது, ஆனால் விரல்கள் பழையபடி மடங்குமா என்பது கட்டுப் பிரித்தபின்தான் தெரியும் என்கிறார் டாக்டர். மகளுக்குப் பொறுமை இல்லை. புதிதாக ஒரு தட்டை மானிட்டர் மாட்டச் சொன்னாள். மாட்டினேன். இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தொடங்கினாள். நான் வாசல் கதவைத் தாழிட்டேன். பகலில் அந்தக் கதவைத் தாழிட்டது அதுதான் முதல் தடவை.

“புழுங்குதுமா. தொறந்து வை.”

திறந்தேன். நிலைப்படியில் நின்றேன். தெருவில் ஒரு நொண்டும் நடை கேட்டது. யாரோ வேறு ஆள், குடத்தோடு போனார்.

“மா.”

“இன்னா?”

“கையில இன்னா வச்சிருக்க?”

குனிந்து பார்த்தேன். பெட்டி திறக்க வைத்திருக்கும் நீள ஸ்க்ரூடிரைவர். முனை வெளியே பார்க்க, இறுக்கிப் பிடித்திருந்தேன்.

“கீழ வைம்மா,” என்றாள்.

வைத்தேன். கைக்கு எட்டும் இடத்தில்தான் வைத்தேன்.