நெடுந்தீவுக்காரி வைத்த தண்ணீர்

அந்த ஆண்டுக் குறிப்பேட்டில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையான ஞாயிறுகளுக்கு எதிரே ஒரே சொல்தான் இருக்கிறது: குதிரை. அதை வாசித்தால் காய்ந்த புல்லின் மணமும் காரின் பின் இருக்கையில் இருந்த புட்டுச் சட்டியும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. இப்போது என் மனைவியின் முழங்கால் அவளை அவ்வளவு தூரம் நடக்க விடுவதில்லை.

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் வுப்பர்டாலில் இருந்து பீலெஃபெல்டுக்கு, மனைவியின் தங்கை வீட்டுக்குப் போகிற வழியில், நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் ஒரு காட்டுவெளி. ஒரு குதிரை மந்தையை அங்கே அதன் போக்கில் விட்டுப் பாதுகாக்கிறார்கள். லாடம் இல்லை, கொட்டில் இல்லை. பார்க்க வருவோர் மரவேலிக்கு இப்பால் நிற்க வேண்டும். தொடவோ தீனி போடவோ கூடாது என்று பலகையில் எழுதியிருக்கும்.

மனைவி யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவில் பிறந்தவள். அங்கேயும் உரிமையாளர் இல்லாத குதிரைகள் உண்டு. கடல் கடந்து வந்த ஐரோப்பியர் விட்டுப்போனவற்றின் வழிவந்தவை என்று நான் படித்திருக்கிறேன். அவளுக்கு அந்த வரலாறு வேண்டியதில்லை. முதல் தரம் பார்த்தபோதே, "இதுகளும் எங்கடை கட்டாக்காலியள் மாதிரித்தான். கொஞ்சம் கொழுப்புக் கூட," என்றாள்.

குதிரைகள் செய்வதையெல்லாம் நான் ஒரு துண்டுத் தாளில் நேரத்தோடு குறித்துக்கொண்டு நின்றேன்.

"குதிரை எத்தினை மணிக்குத் தும்மினது எண்டும் எழுதுங்கோ."

"எழுதியாச்சு. இரண்டு பத்து."

அந்தக் கோடையில் ஆறு வாரமாக மழை இல்லை. வேலியருகே இருந்த குட்டை வெடித்துக் கிடந்தது. இடது காது நுனி கிழிந்த சாம்பல் நிறக் குட்டியொன்று அதன் காய்ந்த சேற்றை முகர்ந்துகொண்டு நின்றது. நான் காருக்குப் போய்த் தொப்பியை எடுத்து வருவதற்குள் அவள் புட்டுச் சட்டியைக் கழுவி, மூன்று போத்தல் தண்ணீரையும் ஊற்றி, வேலிக்கு அடியால் தள்ளிவிட்டிருந்தாள். குட்டி குடித்து முடித்து, கம்புகளுக்கு இடையால் தலையை நீட்டி, அவளுடைய சட்டைக் கையை முகர்ந்தது.

"நீர் என்ன வேலை செய்யிறீர்? பலகையை வாசிக்கேல்லையோ?"

"வாசிச்சனான். தண்ணியைப் பற்றி ஒண்டும் இல்லை."

நெடுந்தீவில் கோடை வந்தால் கிணறு உள்ள வீட்டார் கல்தொட்டியில் குதிரைகளுக்கும் இறைத்து விடுவார்களாம். அப்படிச் செய்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அது யோசித்துச் செய்கிற காரியமல்ல.

காவற்பணியில் இருந்த பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கோபப்படவில்லை. காட்டின் மறுபக்கத்தில் வற்றாத குளம் இருக்கிறது, மாலையில் தாய்க்குதிரை குட்டியை அங்கே கூட்டிப்போகும் என்றார். பிறகு குட்டியைப் பார்த்தபடி, "இது ஏற்கெனவே இரண்டு மூன்று பேரிடம் வந்துவிட்டது. மனிதரைத் தேடி வரப் பழகினால் யாரையாவது கடிக்கும், இல்லாவிட்டால் வீதிக்கு ஏறும். குளிர்காலம்வரை பார்ப்போம். அப்போதும் வந்தால் மந்தையிலிருந்து பிரித்து விற்றுவிடுவோம்," என்று சொன்னார்.

காரில் மனைவி வெறும் சட்டியை மடியில் வைத்திருந்தாள். பிறகு, "என்னாலை அது தாயை விட்டுப் போகப்போகுதே?" என்று கேட்டாள்.

"ஒரு சட்டித் தண்ணியாலை ஒண்டும் நடக்காது."

"உங்களுக்கு என்ன தெரியும். ஊரிலை தண்ணியை ஊத்திப்போட்டு நாங்கள் வீட்டுக்குள்ளை போயிடுவம். ஆள் நிண்டால் அதுகள் கிட்ட வராது. இஞ்சை நான் நிண்டனான்."

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் போனோம். "அக்காவுக்கு என்னைவிடக் குதிரை பெரிசாப் போச்சு," என்று தங்கைக்காரி தொலைபேசியில் குறைப்பட்டாள். குட்டி எங்களைக் காணாதபடி பிர்ச் மரங்களுக்குப் பின்னால் நின்று தொலைநோக்கியால் பார்ப்போம். புட்டைக் காருக்குள் இருந்தே சாப்பிட்டோம். செப்டம்பரில் ஒருநாள் சைக்கிளில் வந்த குடும்பமொன்று வேலிக்குள் அப்பிள் துண்டை நீட்ட, குட்டி வந்துவிட்டது. பொதுவாக அந்நியரோடு பேசக் கூச்சப்படுபவள், விறுவிறென்று போய், "இது உங்களிடம் வந்தால் இதை விற்றுவிடுவார்கள்," என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள். அவர்கள் அப்பிளைப் பையில் வைத்துக்கொண்டு பின்வாங்கினார்கள்.

அக்டோபரின் கடைசி ஞாயிறு தூறலாக இருந்தது. எங்களைத் தவிர யாரும் இல்லை. தாயிடமிருந்து விலகி நின்ற குட்டி எங்களைக் கண்டு தலையை உயர்த்தியது. நேராக வேலிக்கு நடந்து வந்தது. அவளுடைய கை தானாகவே பாதி எழுந்தது. உடனே அதைக் கோட்டுப் பைக்குள் விட்டாள்.

"இஞ்சாருங்கோ, திரும்பி நடவுங்கோ."

"பாவம், வருகுதே."

"நடவுங்கோ. திரும்பிப் பாக்காதேங்கோ."

வேலியோரமாகக் குளம்புச் சத்தம் கொஞ்சத் தூரம் கூடவே வந்தது. பிறகு நின்றது. எங்கோ தாய் கனைத்தது. ஈரமண்ணில் அந்தச் சத்தம் விலகிப் போவதைக் கேட்டபடி கார்வரை நடந்தோம். மூக்கைச் சிந்திக்கொண்டு, குளிர் என்றாள்.

வசந்தத்தில் முதல் தரம் போனபோது மந்தை வெளியின் நடுவில் மேய்ந்துகொண்டிருந்தது. தொலைநோக்கியை அவள்தான் வைத்திருந்தாள். கிழிந்த காதைக் கண்டுபிடிக்கக் கனநேரம் எடுத்தது. நன்றாக வளர்ந்திருந்தது. வேலிப்பக்கம் நின்ற எங்கள் இரண்டு பேரையும் அது நிமிர்ந்து பார்த்தது, மறுபடி குனிந்து மேய்ந்தது.

"என்னை மறந்திட்டுது," என்றாள், பிள்ளை பரீட்சையில் தேறிவிட்டதைச் சொல்பவள் போல.