அஸ்வெசும வாங்கப் போன கேதீஸ்வரன்

அளவெட்டிக் கூட்டுறவுச் சங்கக்கடையில் முப்பது வருடம் சாமான் நிறுத்துக் கொடுத்தவர் கேதீஸ்வரன். நிவாரண அரிசிக்கு வருகிறவர்களைப் பார்த்து, "கையும் காலும் நல்லாய்த்தானே இருக்கு" என்று சொல்லாமல் அவர் தராசைத் தொட்டதில்லை. இப்போது அறுபத்தெட்டு வயது. ஓய்வூதியமும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. மனைவி பத்மாசினி அவருக்குச் சொல்லாமலே, வறியவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசும உதவிப் பணத்துக்கு விண்ணப்பித்துவிட்டார்.

விபரம் எடுக்க உத்தியோகத்தர் தர்சிகா வருகிறாள் என்றதும், கேதீஸ்வரன் சலவை வேட்டி கட்டினார். அயல்வீட்டிலிருந்து, உட்கார இரண்டு நல்ல கதிரைகள் இரவல் வந்தன.

"ஐயா, பிரிஜ் இருக்கோ?"

"ஓம், பெரிசு."

"வருமானம் எப்பிடி?"

"ஒரு குறையும் இல்லை, பிள்ளை."

குசினிக்குள்ளிருந்து பத்மாசினி சொன்னார்: "அந்தப் பிரிஜ் பழுதாகி எட்டு வருசம். இவரின்ரை வேட்டியள்தான் உள்ளுக்குக் கிடக்கு."

"அவ பகிடிக்குச் சொல்லுறா."

தர்சிகா அவர் சொன்னதையே எழுதிக்கொண்டு போனாள். பட்டியலில் அவர் பெயர் வரவில்லை.

பத்மாசினி மூன்று நாட்கள் அவரோடு கதைக்கவில்லை. நான்காம் நாள் மேன்முறையீடு எழுதினார். தர்சிகா மறுபடி வந்த காலையில், கணவரை மருதனார்மடம் சந்தைக்கு வெங்காய விலை கேட்டுவர அனுப்பினார். வாங்கிவர அல்ல, கேட்டுவர மட்டும். பெயர் சேர்ந்தது.

பணம் எடுக்கப் பக்கத்து வங்கிக்குப் போனால் ஊர்ச் சனம் பார்க்கும். ஆகவே கேதீஸ்வரன் பஸ் ஏறி யாழ்ப்பாண நகரத்துக் கிளைக்குப் போனார். அங்கே சுவரோரம் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார் கதிரவேலு. ஒரு காலத்தில் ஊர்க் கோயில் அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி கொடுத்தவர்.

"என்ன அண்ணை, இஞ்சாலை?" என்றார் கேதீஸ்வரன்.

"சும்மா, வங்கிப் புத்தகம் பதிய. நீர்?"

"நானும் அதுக்குத்தான்."

பக்கத்தில் இன்னும் இரண்டு அளவெட்டிக்காரர் சுவர்க் கலண்டரைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"அஸ்வெசும ஆக்கள் இந்தப் பக்கம் வாங்கோ" என்றாள் கவுண்டர்ப் பெண். ஒருவரும் அசையவில்லை. அவள் இன்னும் பலமாகக் கூப்பிட்டாள்.

வெறுங்கையோடு வீட்டுப் படி ஏறுவதை நினைத்துப் பார்த்தார் கேதீஸ்வரன். காது சுட, எழுந்து நடந்தார். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால், வாங்கு முழுவதும் எழுந்து வந்துகொண்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கதிரவேலு அவருக்குப் பக்கத்தில் இருந்தார். மல்லாகம் தாண்டும்வரை இருவரும் மழையைப் பற்றியே கதைத்தார்கள். பிறகு கதிரவேலு குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த மாசம் எத்தினை மணி பஸ்ஸிலை போறீர்?"

"ஏழரை, அண்ணை. யன்னல் பக்கம் உங்களுக்குப் பிடிச்சு வைக்கிறன்."